பஞ்சாலை வரைந்த தடுப்பு

பஞ்சாலை என்ற பெண்ணுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. மலேசியாவின் கல்லுமலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எல்லாரும் அதைச் சொல்வார்கள். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி, குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே சாப்பிட்டு முடிப்பாள். "குந்தித் தின்னாத்தான் ஒடம்புல ஒட்டும்டி" என்று அவள் அம்மா முத்தாயி கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டாள்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடிந்ததும் தோட்டத்துப் பெண்கள் பலரைப் போல அவளும் செனாவாங் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனாள். ஏர்கண்டிஷன் பெட்டிகளுக்கு உள்ளே போகும் சின்னச் சின்னத் தகட்டுப் பாகங்களைச் செய்யும் தொழிற்சாலை அது. பிரஸ் மெஷின்கள் இரண்டு வரிசையாக நிற்கும். தகட்டை வைத்துவிட்டுக் காலடியிலுள்ள மிதியை அழுத்தினால், மேலிருந்து இரும்பு அச்சு இறங்கி அடிக்கும். கையை உள்ளே விட்டு, அடித்த துண்டை எடுக்க வேண்டும். அடுத்த தகடு. மறுபடி மிதி. நாள் முழுதும் இதுதான். பஞ்சாலைக்கு உயிர் போயிற்று. வேலை கஷ்டம் என்பதால் அல்ல, ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்ததால்.

வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், சிரம்பான் டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில் நடந்த கணினி வரைபட வகுப்பில் சேர்ந்தாள். பெரிய லட்சியமெல்லாம் இல்லை. எங்கேயாவது போய்க்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கணினித் திரையில் ஒரு கோடு இழுத்ததும், அதைத் திருப்பி, வளைத்து, அழித்து, மறுபடி இழுக்க முடிந்ததும் அவளுக்குப் பிடித்துப்போனது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, தொழிற்சாலையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர் ஷா ஆலாம் பக்கம் நல்ல வேலை கிடைத்துப் போய்விட, முதலாளி லியோங் அந்த நாற்காலியில் பஞ்சாலையை உட்கார வைத்தார்.

அந்த நாற்காலியிலும் அவள் அதிகம் உட்காரவில்லை. அச்சு செய்யக் கட்டுப்படியாகாத சின்ன ஆர்டர்களையும் மாதிரித் துண்டுகளையும் தொழிற்பேட்டையின் மறுகோடியில் இருந்த ஒரு லேசர் பட்டறையில் வெட்டி வாங்குவார்கள். கணினியில் வரைந்த படத்தை டிஸ்கெட்டில் ஏற்றி, யாராவது நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. பஞ்சாலை தன் பழைய ஹோண்டா மோட்டாரில் போவாள். டிஸ்கெட்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை முன்கூடையில் போட்டு, லோரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுப் போகிற அந்தச் சில நிமிஷங்களுக்காகவே காலையில் எழுந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

லேசர் மெஷினை ஓட்டியவர் முருகையா. தம்பின் ஊர்க்காரர், நடுத்தர வயது, எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பார். பஞ்சாலை கொண்டுவரும் டிஸ்கெட்டை மெஷினுக்குப் பக்கத்திலிருந்த கணினியில் செருகி, படத்தைத் திறந்து, தகட்டில் எந்த இடத்தில் எப்படி வெட்டுவது என்று அடுக்குவார். பிறகு மெஷின் ஓடும். ஊசிமுனை வெளிச்சம் தகட்டின் மேல் ஊர்ந்து போக, அடியில் தீப்பொறி கொட்டும். தான் திரையில் இழுத்த கோடு இரும்பில் திறப்பதைப் பஞ்சாலை நின்று பார்ப்பாள். அப்போதும் கால் மாற்றி மாற்றித்தான் நிற்பாள்.

"மூத்திரம் வருதா? அந்தப் பக்கம் டாண்டாஸ் இருக்கு" என்று முருகையா முதல் நாளே கேட்டிருந்தார்.

தாயம்மா பக்கத்து லயம். பஞ்சாலையைவிடப் பத்து வயது மூத்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட ஆரம்பித்து வேலை குறைந்தபோது, "எங்க கம்பெனிக்கு வாங்கக்கா, நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன்" என்று கூப்பிட்டவள் பஞ்சாலைதான். தாயம்மா வந்து, பஞ்சாலை முன்பு உட்கார்ந்திருந்த அதே மெஷினில் உட்கார்ந்தாள். கை வேகம் உள்ளவள். சீக்கிரமே நல்ல பெயர் எடுத்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், வரைபட அறையில் இருந்த பஞ்சாலைக்கு ஒரு சத்தம் நின்றது கேட்டது. அத்தனை மெஷின்கள் அடித்துக்கொண்டிருந்தாலும் தன் பழைய மெஷினின் சத்தம் அவளுக்குத் தனியாகத் தெரியும். அது நின்றது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் நின்றன. அவள் ஓடினாள்.

தாயம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் கையைத் துணியால் சுற்றிப் பிடித்திருந்தார்கள். அவள் அழவில்லை. "நான் மிதிக்கல, நான் மிதிக்கல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு மெஷினைத் துடைத்தார்கள். மெக்கானிக் வந்து பார்த்து, மெஷினில் கோளாறு இல்லை, அவள்தான் மிதித்திருப்பாள் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலை அதே மெஷினில் வள்ளிநாயகி என்ற பெண்ணை உட்கார வைத்தார்கள். சத்தம் மறுபடி தொடங்கியது. பஞ்சாலையால் அதைக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவள் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

சூப்பர்வைசர் சன்னாசியிடம் போனாள். "அண்ணே, அந்த மெஷினுக்கு முன்னால ஒரு தடுப்பு போட்டா என்னா?"

"போட்டா கை எப்படி உள்ள போவும்?"

"கை போகக் கூடாதுன்னுதானே அண்ணே சொல்றேன்."

"துண்ட யாரு எடுக்கறது, ஒங்க அப்பாவா? போ லா, போய் ஒன் வேலையைப் பாரு" என்றார் சன்னாசி. கெட்ட மனிதர் அல்ல. தாயம்மாவைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடியவர் அவர்தான். ஆனால் அன்றைய கணக்குக்கு எத்தனை துண்டு என்று மேலிடத்தில் கேட்பதும் அவரைத்தான்.

முதலாளி லியோங்கிடமும் கேட்டாள். அவர் மலாய் மொழியில், நிதானமாகவே பதில் சொன்னார். தடுப்பு போடலாம், ஆனால் இப்போது இல்லை. ஆர்டர் நிறைய இருக்கிறது. வருஷக் கடைசியில் பார்ப்போம். அதற்குள் எல்லாரையும் கவனமாக வேலை செய்யச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை தாயம்மா வீட்டுக்குப் போனாள். ஆரஞ்சுப் பழமும் மைலோவும் வாங்கிப் போயிருந்தாள். தாயம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சாலை என்னென்னவோ பேசினாள். தாயம்மா திரும்பவே இல்லை. வெளியே வந்தபோது தாயம்மாவின் மகள், "அம்மா யார்கிட்டயும் பேச மாட்டேங்கிது" என்றாள். பஞ்சாலை வீட்டுக்குப் போகாமல் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே இருட்டும்வரை நடந்தாள்.

மறுநாளே வரைய ஆரம்பித்தாள்.

மெஷினுக்கு முன்னால் நிற்கிற ஒரு தகடு. அடியில் மெல்லிய இடைவெளி. அடிக்கப்போகும் தகடு அதில் நுழையும், விரல் நுழையாது. மேலே நீளநீளமான கீற்றுகள்; அவற்றின் வழியாக உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். அடித்த துண்டை ஒரு கொக்கியால் இழுத்து எடுக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் அளவு எடுத்தாள். சம்பளத்துக்கான படங்களை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் இதைப் போட்டாள். அடுத்து லேசர் பட்டறைக்குப் போகும் டிஸ்கெட்டில், கம்பெனிப் படங்களோடு இதையும் ஏற்றினாள்.

முருகையா டிஸ்கெட்டைச் செருகினார். கணினி கரகரவென்று இழுத்துவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார். அதே பதில்.

"செத்துப் போச்சு. கூடையில என்னா வச்சிருந்த?"

டப்பாவுக்குப் பக்கத்தில், மாதிரித் தகடுகளைத் தூக்குவதற்கான காந்தம் கிடந்தது. பஞ்சாலையே போட்டதுதான். தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பத் தொழிற்சாலைக்கு ஓடி, வேறு டிஸ்கெட்டில் ஏற்றி, மறுபடி வந்தாள். வழியில் மழை பிடித்தது. டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றாள்.

இந்த முறை படங்கள் திறந்தன. முருகையா ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தவர் கடைசிப் படத்தில் நின்றார்.

"இது எந்த ஆர்டரு?"

"ஆர்டர் இல்ல அண்ணே."

"அப்புறம்?"

பஞ்சாலை சொன்னாள். தாயம்மாவைப் பற்றி, மெஷினைப் பற்றி, மூச்சு விடாமல் சொன்னாள். முருகையா கேட்டுக்கொண்டே திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தார்.

"என் வேலைக்கு வேட்டு வைக்க வந்திருக்க."

"ஒங்க தகடு வேணாம் அண்ணே. எங்க கம்பெனித் தகட்டுலயே வெட்டினது போக மூலையில மிச்சம் விழும்ல? அதைத் தூரத்தானே போடுவீங்க? அதுல வெட்டுங்க."

முருகையா திரைப் பக்கம் திரும்பினார். கம்பெனித் துண்டுகளை அடுக்கினார். ஓரத்தில் மிஞ்சிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தடுப்புப் படத்தை அங்கே இழுத்து வைத்தார்.

முதலில் வந்தது தடுப்பே அல்ல. கீற்றுகளுக்கு நடுவே பஞ்சாலை விட்டிருந்த கம்பிகள் மிகவும் மெல்லியவை. அதோடு சில கோடுகளை அவள் கவனிக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை இழுத்திருந்தாள். திரையில் அது தெரியாது. லேசருக்குத் தெரியும். ஒரே வழியில் இரண்டு முறை போய்க் கம்பிகளை உருக்கித் தள்ளியது. எடுத்தபோது பாதிக் கம்பிகள் சுருண்டு விழுந்தன.

"படம் போடத் தெரியாம எதுக்கு இந்த வேலை?" என்றார் முருகையா.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழக் கூடாது என்று மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "நாளைக்குத் திருத்திக் கொண்டாறேன்" என்றாள்.

"கம்பிய தடியாப் போடு. மூலையெல்லாம் கூர்மையா விடாத, கையக் கிழிக்கும்" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார் அவர்.

இரண்டாவது நன்றாக வந்தது. பஞ்சாலை அதை மடித்த சாக்கில் சுற்றி மோட்டாரில் கட்டிக் கொண்டுவந்தாள். மெக்கானிக்கைக் கெஞ்சி, வள்ளிநாயகியின் மெஷினில் பூட்ட வைத்தாள். கொக்கியைத் தானே கம்பியில் வளைத்துக் கொடுத்தாள். தாயம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள் முதல் இல்லாத ஒரு நிம்மதியோடு அன்றைக்குத் தன் அறைக்குப் போனாள்.

நிம்மதி சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. வள்ளிநாயகி வந்து கதவைத் தட்டினாள். முகம் சிவந்திருந்தது.

"ஏய் பஞ்சாலை, ஒன் தடுப்ப எடுத்திரு. என்னால முடியல."

"என்னா வள்ளி?"

"கொக்கி துண்டப் பிடிக்கவே மாட்டேங்குது. பாதி துண்டுகூட அடிக்கல நானு. சன்னாசி அண்ணன் கத்துறாரு. பக்கத்துல உள்ளதுங்க சிரிக்குது. நீ இங்க ஏர்கோன்ல இருக்க. ஒனக்கு என்னா தெரியும்?"

கடைசி வார்த்தை பஞ்சாலைக்குச் சுருக்கென்று தைத்தது. வள்ளிநாயகி போன பிறகு சன்னாசி தடுப்பைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டார். மெஷின் பழையபடி வேகமாக அடித்தது.

அந்த வாரம் முழுக்க முத்தாயி போட்ட சோற்றைப் பஞ்சாலை இரண்டு வாயோடு வைத்துவிட்டாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வள்ளிநாயகியிடம் போய், "வள்ளி, என்னைய ஒக்கார வச்சுச் சொல்லிக் குடு. நீ கைய எப்படிக் கொண்டு போற? துண்டு எங்க விழுது?" என்று கேட்டாள்.

வள்ளிநாயகி முறைத்தாள். பிறகு தன் சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு மெஷினைக் காட்டினாள். துண்டு நேராக விழுவதில்லை, இடப்பக்கமாகத் துள்ளி விழுகிறது. கொக்கி நடுவில் போனால் எப்படிப் பிடிக்கும்? தடுப்பின் வாய் இடப்பக்கம் சற்று அகலமாகச் சரிய வேண்டும். கொக்கியும் நேராக இல்லாமல் வாத்துக் கழுத்துப் போல வளைய வேண்டும். பஞ்சாலை பல வருஷம் அதே மெஷினில் உட்கார்ந்தவள். ஆனால் அவள் அடித்தது வேறு துண்டு, வேறு அச்சு. அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது படம் இருவரும் சேர்ந்து போட்டதுதான். வள்ளிநாயகி திரைக்கு முன்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் லா, இந்தப் பக்கம்" என்று சொல்லச் சொல்ல பஞ்சாலை கோட்டை இழுத்தாள். முருகையா அதைப் பார்த்துவிட்டு, "இதுதான் கடைசி. இனிமே இந்த மூலைத் தகட்டுக் கதைய எங்கிட்ட கொண்டாறாத" என்றார். வெட்டிக் கொடுத்தபோது ஓரங்களைத் தானே அரத்தால் தேய்த்து மழுக்கியும் கொடுத்தார்.

பூட்டினார்கள். முதல் இரண்டு நாள் வள்ளிநாயகி திணறினாள். பிறகு கை பழகியது. பழைய வேகம் முழுதாக வரவில்லை என்றாலும் சன்னாசி கத்துகிற அளவுக்கு இல்லை. அவர் தடுப்பைப் பார்த்தும் பார்க்காதது போலப் போய்வந்தார்.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை காலை. வள்ளிநாயகி மிதியை ஒருமுறை அழுத்தினாள். அச்சு இறங்கியது, மேலே போனது. காலை எடுத்துவிட்டு, துண்டை இழுக்கக் கொக்கியை உள்ளே விட்டாள். யாரும் மிதிக்காமலேயே அச்சு மறுபடி இறங்கியது.

அவள் கொக்கியை வெளியே இழுத்துப் பிடித்தபடி எழுந்து நின்றாள். அதன் வளைந்த கழுத்து தகடு போல நசுங்கியிருந்தது. பக்கத்து மெஷின் பெண் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அதற்கு அடுத்தவளும் நிறுத்தினாள். சன்னாசி ஓடிவந்தார். வள்ளிநாயகி நசுங்கிய கொக்கியை அவர் முன்னால் நீட்டினாள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாயம்மா அன்னைக்கே சொன்னிச்சு. மிதிக்கலன்னு சொன்னிச்சு" என்றார். கொக்கியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போனார்.

அன்று பிற்பகல் லியோங் பஞ்சாலையைக் கூப்பிட்டார். மேசைமேல் கொக்கி கிடந்தது. யாரைக் கேட்டு வெட்டினாய் என்று கேட்டார். யாரையும் கேட்கவில்லை என்றாள். எங்கே வெட்டினாய்? சொன்னாள். அவர் லேசர் பட்டறைக்குப் போன் செய்து கொஞ்ச நேரம் சீன மொழியில் சத்தம் போட்டார். பிறகு போனை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், எல்லா மெஷின்களுக்கும் அளவெடுத்துப் படம் போடு என்றார். முறையாக, ஆர்டராக. பழுதான மெஷினைப் பிரித்துப் பார்க்க வெளியிலிருந்து ஆள் வருவான். இன்னொன்று. இனி டிஸ்கெட்டை லோரி டிரைவர் தங்கராஜு கொண்டுபோவார். நீ உன் நாற்காலியை விட்டு வெளியே போக வேண்டாம்.

எல்லா மெஷின்களுக்கும் தடுப்பு வந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பெண்ணைக் கேட்டுத்தான் பஞ்சாலை வரைந்தாள். ஆனால் டிஸ்கெட் டப்பாவைத் தங்கராஜுவிடம் கொடுத்துவிட்டு ஜன்னலில் நின்று லோரி போவதைப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. தான் போட்ட கோடு இரும்பில் எப்படி விழுகிறது என்று பார்க்க முடியவில்லை. மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

கடைசித் தடுப்பும் பூட்டிய வாரம், தாயம்மா வீட்டுக்கு மறுபடி போனாள். தாயம்மா இப்போது பேச ஆரம்பித்திருந்தாள். இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பஞ்சாலை எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின் தானாக இறங்கியதை, சன்னாசி முதலாளியிடம் போனதை, எல்லாரும் இப்போது நம்புவதை. தாயம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள்.

தாயம்மா மடித்த துணியை மடியில் வைத்தாள்.

"நீயும் அந்த மெஷின்லதானே குந்தியிருந்த?"

"ஆமாக்கா."

"அப்ப ஏன் இந்தத் தடுப்பு யாருக்கும் தோணல?"

பஞ்சாலை முதன்முறையாக நடக்கவும் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தாயம்மாதான், "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று எழுந்தாள்.

அந்த வருஷக் கடைசியில் பஞ்சாலை வேலையை விட்டாள். முத்தாயி தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏர்கோன் ரூம்ல குந்தி வேலை. அதுவும் ஆவலையா ஒனக்கு?" பஞ்சாலை முருகையாவிடம் போய் நின்றாள். லேசர் மெஷினுக்கு இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் தன் முதலாளியிடம் ஒரே வார்த்தைதான் சொன்னதாகப் பிற்பாடு தெரிந்தது: இந்தப் பெண் உட்கார மாட்டாள். அந்த வேலைக்கு அது போதும். மெஷினைச் சுற்றி நாள் முழுதும் நடக்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்துக் கல்லுமலைத் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. லயத்துச் சனங்கள் பாரோய்க்கும் செனாவாங்குக்குமாகப் பிரிந்தார்கள். தாயம்மா குடும்பம் செனாவாங் அடுக்குமாடியில் ஏறியது. அவளுக்கு ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளில் லேபிள் ஒட்டும் வேலை கிடைத்தது. பசாரில் பார்த்தால் பஞ்சாலையோடு நின்று பேசுவாள். பிள்ளைகளைப் பற்றி, மீன் விலையைப் பற்றிப் பேசுவாள். அந்த மெஷின் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

பஞ்சாலைக்குத் தினமும் பல தொழிற்சாலைகளிலிருந்து டிஸ்கெட் வரும். கொண்டுவருகிறவர்களிடம் அவள் கடுமையாகத்தான் இருப்பாள். கோடு இரட்டையாக இருந்தால் திருப்பி அனுப்புவாள். யார் வரைந்தது, எந்த மெஷினுக்கு, அதன் எதிரில் உட்காரப்போவது யார் என்று கேட்பாள். பலருக்கும் தெரியாது, எரிச்சலோடு தோளைக் குலுக்குவார்கள். "கேட்டுக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தகட்டை ஏற்றப் போய்விடுவாள்.